பட்டியலில் இல்லாத முகம்

பெண்ணின் அப்பா ஒரு பட்டியலோடு வந்திருந்தார். மகளுடைய கல்யாண வீடியோவில் முகம் வராமல் போன உறவினர்களின் பட்டியல் அது. கோடு போட்ட தாளில், உறவுமுறையோடு, 11 பெயர்கள். பெரிய சித்தப்பா, திருப்பூர் மாமா, பந்திக்குப் பொறுப்பாக நின்ற மச்சினர் என்று வரிசையாக எழுதி, நேரில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார். இந்தத் தொழிலில் இது வழக்கமான வருகைதான். ஆனால் அவர் கதவைத் திறந்தபோது என் திரையில் கல்யாணம் ஓடவில்லை. 1975-இல் வெளிவந்த ஓர் இத்தாலியப் படத்தில், இருபுறமும் ஓவியங்கள் தொங்கும் நடைவழி ஒன்றில் ஒரு மனிதன் விரைந்துகொண்டிருந்தான்.

அடுத்த சில நிமிடங்களில் அவர் கேட்ட ஒரு கேள்வி இரண்டு மாதமாக என்னை விட்டுப் போகவில்லை. எழுதினாலாவது போகுமா என்று பார்க்கிறேன்.

முகூர்த்தக்கால் நடுவதிலிருந்து மறுவீடு வரை எடுத்துக் குவித்ததை மூன்று மணி நேரமாக வெட்டி, அதையே மறுபடி ஐந்து நிமிடப் பாட்டாகச் சுருக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்க்கும் சிறிய வட்டம் ஒன்றிலும் நான் உண்டு. செப்டம்பர் 7, இத்தாலியப் பேய்ப்பட, கொலைப்பட இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோவின் பிறந்த நாள். அதையொட்டி அவருடைய 'சஸ்பிரியா' படத்தைத் திரையிடுவது, அதற்கு முன்னால் அவருடைய படங்களின் காட்சித் துண்டுகளைத் தொகுத்து 4 நிமிடம் ஓடும் மாண்டேஜ் ஒன்றைக் காட்டுவது என்று பேச்சு வந்தபோது, எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. "உங்களுக்கு இது ஒரு ராத்திரி வேலை" என்றார் நண்பர் ஒருவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

தவிலுக்குப் பதில் கோப்ளின்

கல்யாண வீடியோ செய்பவனுக்கு ஒரு பழக்கம் கையில் ஏறிவிடும். பாட்டை முதலில் டைம்லைனில் போட்டு, தாளம் விழும் இடமெல்லாம் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கட் விழும்படி காட்சிகளை அடுக்குவது. தவில் அடி, தாலி. தவில் அடி, அட்சதை. தவில் அடி, மணப்பெண்ணின் சிரிப்பு. முதல் வரைவை அப்படியேதான் செய்தேன். தவில் இருந்த இடத்தில் கோப்ளின். 'ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ', அதாவது உலகமெல்லாம் 'டீப் ரெட்' என்று அழைக்கும் படத்துக்கு அந்த இசைக்குழு போட்ட முகப்பு இசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரே சுற்று திரும்பத் திரும்ப வந்து ஒரு வாரத்துக்குத் தலைக்குள் குடியேறிவிடும். முதலில் அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் ஜார்ஜோ கஸ்லினி என்ற ஜாஸ் கலைஞர். அர்ஜெந்தோவுக்கு நிறைவு வராமல்தான் இந்த இளைஞர்களிடம் போனார். அந்தச் சுற்றின் மேல் கத்தி, உடையும் கண்ணாடி, கறுப்புக் கையுறை, விரிந்த கண் என்று வைத்துக்கொண்டே போனேன். இரவு ஒரு மணிக்கு ஓட்டிப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

மறுநாள் நண்பருக்குக் காட்டினேன். பாதியில் சிரித்துவிட்டார். "ஹோலிப் பண்டிகை வீடியோ மாதிரி இருக்கிறதே" என்றார். கோபம் வந்தது. பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். நியாயமாகத்தான் சிரித்திருக்கிறார். அர்ஜெந்தோவின் ரத்தம் ரத்தம் போல இருக்காது. டப்பாவைத் திறந்து ஊற்றிய பெயின்ட் போலப் பளபளக்கும். படத்துக்குள் அது பயமுறுத்துவதற்குக் காரணம், அது வருவதற்கு முன்னால் நம்மை அவர் காக்க வைத்திருப்பது. காத்திருப்பை வெட்டி எறிந்துவிட்டு ரத்தத்தை மட்டும் வரிசையாக வைத்தால் மிஞ்சுவது வண்ணப்பொடிதான்.

'சஸ்பிரியா'வின் முதல் கொலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் இரவில் சன்னலருகே நிற்கிறாள். வெளியே இருட்டு. எதையோ பார்த்துவிட்ட மாதிரி அவளுக்கு ஒரு சந்தேகம். விளக்கை எடுத்துக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துக்கொண்டு வெளியே உற்றுப் பார்க்கிறாள். ஒன்றுமில்லை. இன்னும் பார்க்கிறாள். ஒன்றுமில்லை. நாமும் அவளோடு சேர்ந்து அந்த இருட்டைத் துழாவத் தொடங்கிவிடுகிறோம். அப்புறம்தான் அங்கே இரண்டு கண்கள். என் வரைவில் அவள் விளக்கை எடுத்த அடுத்த தாளத்திலேயே கண்கள் வந்து நின்றன. துழாவுவதற்கு நேரமே இல்லை. அழைப்பு மணி அடித்ததும் கதவைத் திறந்த மாதிரி இருந்தது.

அதே படத்தின் தொடக்கத்தில் ஒரு விமான நிலையக் கதவு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய பெண் வெளிவாசலை நோக்கி நடக்கிறாள். தானியங்கிக் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் கோப்ளினின் இசை உள்ளே வருகிறது, மூடினால் நின்றுவிடுகிறது. உள்ளே வெறும் விமான நிலையச் சத்தம். கதவுக்கு வெளியே மழை, காற்று, அந்த இசை. பேய்ப்படத்துக்கும் சாதாரண உலகத்துக்கும் நடுவே எல்லைக்கோடு போடுவதற்கு அவருக்கு ஒரு கதவு போதும். மூன்று நாள் இந்தக் காட்சியோடு மல்லுக்கட்டினேன். மாண்டேஜில் ஏற்கெனவே அடியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதே, கதவு திறந்தால் எந்த இசை உள்ளே வரும்? எல்லாப் படத்தையும் ஒரே பாட்டால் போர்த்திவிட்ட பிறகு கதவு வெறும் கதவுதான்.

அவருடைய இன்னொரு படமான 'டெனெப்ரே'யில் வருவது இதைவிடக் குறும்பானது. கேமரா ஒரு வீட்டின் சுவரில் ஏறி, சன்னல்களைத் தடவி, கூரையைத் தாண்டி மறுபக்கம் இறங்குகிறது. கேமராவை நீண்ட கையில் தொங்கவிட்டு நகர்த்தும் லூமா கிரேனில் எடுத்த, இரண்டரை நிமிடம் போகும் ஒரே ஷாட். பின்னணி இசை காதைப் பிளக்கிறது. அப்போது பார்த்தால் வீட்டுக்குள் இருக்கும் பெண் ஒருத்தி, சத்தத்தைக் குறை என்று தோழியைப் பார்த்துக் கத்துகிறாள். தோழி இசைத்தட்டை நிறுத்த, பின்னணி இசை என்று நாம் நினைத்தது நின்றுபோகிறது. என்னிடம் இருந்ததே 4 நிமிடம். அதில் இரண்டரையை ஒரு சுவருக்குக் கொடுக்க முடியுமா? எட்டு வினாடி எடுத்துக்கொண்டேன். யாரோ வீடு வாடகைக்கு விட வீடியோ எடுத்த மாதிரி இருந்தது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'சஸ்பிரியா'வையும் 'டெனெப்ரே'யையும் ஒளிப்பதிவு செய்தவர் லூச்சானோ தோவோலி என்ற ஒரே ஆள். முன்னதில் சிவப்பும் நீலமும் பிழியப் பிழிய வழியும். அந்தக் காலத்திலேயே கைவிடப்பட்டுக்கொண்டிருந்த பழைய டெக்னிகலர் சாயமுறையில் பிரதி எடுத்தார்கள். பின்னதற்கு 'இருள்' என்று பெயர், ஆனால் படம் முழுக்க மருத்துவமனை வெளிச்சம். எங்கள் கடையில் நிறம் பார்க்கும் பையன், கல்யாணத்துக்குச் செய்வதுபோல இரண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான். அவனைத் திட்டவில்லை. நான் காட்சிகளுக்குச் செய்துகொண்டிருந்ததைத்தான் அவன் நிறத்துக்குச் செய்திருந்தான்.

நடைவழி

'டீப் ரெட்' பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கொலையாளி யார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனாலும் எங்கே என்று சொல்வதே பாதித் துரோகம்.

நடிகர் டேவிட் ஹெம்மிங்ஸ் அதில் ஒரு பியானோக் கலைஞர். இரவு, டூரினில் படமாக்கிய ஒரு நகரச் சதுக்கம். நண்பனோடு பேசிக்கொண்டிருக்கும்போது அலறல் கேட்கிறது. நிமிர்ந்து பார்த்தால் மேல்மாடிச் சன்னலில் ஒரு பெண். கண்ணாடி உடைந்து விழுகிறது. ஓடுகிறார். படியேறி, வீட்டுக்குள் நுழைந்து, ஓவியங்கள் தொங்கும் நடைவழியைக் கடந்து அவளிடம் போய்ச் சேர்கிறார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போலீஸ் வந்த பிறகு அவருக்கு ஓர் உறுத்தல்: வந்தபோது பார்த்த ஓர் ஓவியத்தை இப்போது காணவில்லை. கொலையாளியைத் தேடி அலையும் மிச்சப் படத்திலும் அந்த உறுத்தல் அவரை விடுவதில்லை. கடைசியில் மறுபடி அந்த நடைவழிக்கு வரும்போது தெரிகிறது, காணாமல் போனது ஓவியமே இல்லை. ஓவியங்களுக்கு நடுவே மாட்டியிருந்த கண்ணாடி. அதில் தெரிந்த முகம், ஒளிந்து நின்றவரின் முகம்.

2009-இல் முதல்முறை டிவிடியில் பார்த்தபோது, இது ஏமாற்று வேலை, கடைசிக் காட்சிக்காகப் பிறகு எடுத்துச் சேர்த்திருப்பார்கள் என்று உறுதியாக நம்பினேன். பின்னோக்கி ஓட்டினேன். முகம் இருந்தது. முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே, நல்ல வெளிச்சத்தில், எந்தத் தந்திரமும் இல்லாமல் கொலையாளியின் முகத்தைக் காட்டியிருக்கிறார். ஹெம்மிங்ஸ் பார்த்தார், நானும் பார்த்தேன், இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே ஹெம்மிங்ஸ் அந்தோனியோனியின் 'ப்ளோ-அப்' படத்தில் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கொலையைத் தேடியவர். அவரையே கூட்டிவந்து கண்ணெதிரே கோட்டைவிட வைத்ததில் அர்ஜெந்தோவுக்கு உள்ளூரச் சிரிப்பு இருந்திருக்கும்.

அந்த நடைவழியை மாண்டேஜில் வைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. தெரிந்தவர்கள் புன்னகைப்பார்கள், தெரியாதவர்கள் கடந்துபோவார்கள் என்று கணக்குப் போட்டேன். பாட்டு சற்றுத் தணியும் இடத்தில் வைத்தேன். தணியும் இடத்தில் என்ன செய்வோம்? மணமகள் படியிறங்கி வரும் காட்சிக்குச் செய்வதைத்தான். வேகத்தைப் பாதியாக்கினேன்.

பெண்ணின் அப்பா வந்து உட்கார்ந்தது அப்போதுதான். "வாருங்கள் அய்யா, இரண்டு நிமிடம், இதை மூடிவிட்டு உங்களுடையதைத் திறக்கிறேன்" என்றேன். "மெதுவாகச் செய்யுங்கள் தம்பி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். நடைவழி ஓடி முடிந்தது.

"தம்பி, சுவரில் ஓர் ஆள் நிற்கிறதே, அது யார்?"

"எது அய்யா?"

"அந்தப் படங்களுக்கு நடுவில். மற்றதெல்லாம் வரைந்த முகம். அது ஆள்."

கையில் அந்த 11 பெயர்களை வைத்துக்கொண்டு கேட்டார். அந்த வீட்டில் அவருக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஓடுகிற மனிதன் யார், எதற்கு ஓடுகிறான், எதுவும் தெரியாது. ஆனால் ஒரு வாரமாகக் கூட்டத்துக்கு நடுவே, தூணுக்குப் பின்னால், நாதஸ்வரக்காரரின் தோளுக்கு மேலே, முகம் முகமாகத் தேடிப் பழகிய கண். ஃபிரேமின் நடுவே என்ன நடக்கிறது என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. ஓரத்தைத்தான் பார்ப்பார்.

ஏதோ பதில் சொல்லி மழுப்பிவிட்டு, அவருடைய மகளின் கல்யாணத்தைத் திறந்தேன். திருப்பூர் மாமா கிடைத்தார், காலணி கழற்றும் இடத்தில். பெரிய சித்தப்பா மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் அரை முகமாகக் கிடைத்தார். என் மனம் அங்கே இல்லை.

அவர் போன பிறகு மூல ஷாட்டை அதன் வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு என்னுடையதை. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க ராத்திரியெல்லாம் ஆகவில்லை. அர்ஜெந்தோ அந்த முகத்தை இருட்டில் ஒளிக்கவில்லை. நம்முடைய பதற்றத்தில் ஒளித்திருக்கிறார். மேலே ஒரு பெண் சாகிறாள், ஓடு, ஓடு என்று நம் மனமே ஹெம்மிங்ஸை முந்திக்கொண்டு நடைவழியின் மறுமுனைக்குப் போய்விடுகிறது. முனையில் நின்றுகொண்டு இருப்பவர்களுக்குப் பக்கவாட்டுச் சுவர் எப்படித் தெரியும்? நான் அலறலை வெட்டினேன், சன்னலை வெட்டினேன், படிக்கட்டை வெட்டினேன். எஞ்சிய நடைவழியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டேன். பதறுவதற்கு எதுவும் இல்லாத ஒருவர் நிதானமாக உட்கார்ந்து சுவரைப் பார்த்தார், இருந்தது தெரிந்தது.

இது ஏதோ ஒரு படத்தின் தந்திரம் என்றால் விட்டுவிடலாம். அவருடைய முதல் படத்திலேயே இதுதான். 1970. ரோமில் ஓர் ஓவியக்கூடத்தின் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, உள்ளே நடக்கும் தாக்குதலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எழுத்தாளன். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான், ஆனால் பார்த்ததில் ஏதோ ஒன்று இடிக்கிறது, அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. 1987-இன் 'ஓபரா'வில் அது வன்மமாகவே மாறிவிடுகிறது: கட்டிவைத்த பெண்ணின் கண்ணுக்குக் கீழே ஊசிகளை வரிசையாக ஒட்டிவைக்கிறான் கொலைகாரன், இமைத்தால் குத்தும், பார்த்தே தீர வேண்டும். தன் படங்களின் பயங்கரக் காட்சிகளில் ஆட்கள் கண்ணை மூடிக்கொள்வதில் வந்த எரிச்சலில் பிறந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த எரிச்சல் பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது. மூடாத கண்ணையும் அவரால் ஏமாற்ற முடியும். அதுதான் அவருடைய பெருமை. அந்தப் பெருமைக்கு அஞ்சலி செய்கிறேன் என்று உட்கார்ந்து, அதையே உரித்துப் போட்டிருக்கிறேன்.

உரித்தது அவருடைய வேலையை மட்டுமில்லை. நான் எடுத்துக்கொண்ட இந்த ஐந்து படங்களையும் தொகுத்தவர் ஃப்ராங்கோ ஃப்ராத்திசெல்லி. பேய்ப்பட ரசிகர்கள் கோப்ளினைப் பேசுவார்கள், தோவோலியைப் பேசுவார்கள். இந்தப் பெயரை எங்கள் வட்டத்தில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, அதுவும் அதே தொழிலில் இருந்துகொண்டு. அந்த முகம் எத்தனை ஃபிரேம் நிற்கலாம், எந்த ஃபிரேமில் போய்விட வேண்டும் என்று மேசையில் உட்கார்ந்து பார்த்த கண்களில் அவருடையதும் ஒன்று. நான் ஒரு சொடுக்கில் அதை இரண்டு மடங்காக்கினேன்.

இரண்டாவது வரைவு

பாட்டை எடுத்துவிட்டேன். அதுதான் முதல் வேலை. புள்ளிகளையெல்லாம் அழித்த பிறகு டைம்லைன் வெறிச்சென்று இருந்தது. எங்கே வெட்டுவது என்று கை தடுமாறியது. கொலைகள் அனைத்தையும் தூக்கினேன். விமான நிலையக் கதவை அதன் சொந்தச் சத்தத்தோடு, திறந்து மூடித் திறக்கும் வரை, ஒரு கட் கூட இல்லாமல் வைத்தேன். சன்னலில் விளக்கோடு நிற்கும் பெண்ணை வைத்தேன். அந்தக் கண்கள் வருவதற்கு ஒரு வினாடி முன்னால் விட்டுவிட்டேன். 'டெனெப்ரே' வீட்டைக் கடைசியில் எடுத்தே விட்டேன். எட்டு வினாடிக்கு அது இறங்கிவரவில்லை.

நடைவழியை என்ன செய்வது என்பதில் இரண்டு நாள் போயிற்று. நண்பர் எடுத்துவிடச் சொன்னார். மனம் வரவில்லை. கடைசியில் சதுக்கத்தில் அலறல் கேட்பதிலிருந்து ஹெம்மிங்ஸ் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேரும் வரை, முழு ஓட்டத்தையும், அதன் வேகத்திலேயே வைத்தேன். 4 நிமிடத்தில் பெரிய துண்டு அதற்கே போனது. இப்போது அது மாண்டேஜா என்று கேட்டால் தெரியாது. திரையிடலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இல்லை. ஒருவரும் சுவரைப் பற்றிக் கேட்கவில்லை.

முடிவில் வைத்திருந்த அர்ஜெந்தோவின் புகைப்படம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கறுப்புப் பின்னணி, நடுவில் முகம், கீழே பிறந்த வருடம். "உயிரோடு இருக்கிற மனிதருக்குக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடித்திருக்கிறாயே" என்றார் நண்பர். எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறுப்புத் தோல் கையுறை அணிந்த கைகளை வைத்தேன். அவருடைய படங்களில் கொலையாளியின் முகத்துக்குப் பதிலாக வருவது அந்தக் கைகள்தான். கையுறைக்குள் இருப்பது பெரும்பாலும் அர்ஜெந்தோவின் சொந்தக் கை. நடிகர்களிடம் விடாமல் தானே மாட்டிக்கொண்டு நடிப்பார். கைகளுக்குக் கீழே எதுவும் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று, பழைய கணக்கேதான்.

திரையிடலுக்கு முந்தின நாள் பெண்ணின் அப்பா திருத்திய பிரதியை வாங்க வந்தார். 11 பேரில் 10 பேரைப் பிடித்து வைத்திருந்தேன். மிச்சம் பந்திக்கு நின்ற மச்சினர். எத்தனை முறை தேடினாலும் அவர் முகம் எந்தக் கேமராவிலும் இல்லை. கரண்டியோடு ஒரு கை மட்டும் இலைக்குமேல் வந்து பாயசம் விட்டுப் போகிறது. தயங்கித் தயங்கி அதைக் காட்டினேன்.

"அவன்தான். அந்த மோதிரம் அவனுக்கு நான் போட்டது" என்றார். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். "இது போதும் தம்பி. ஆனால் கீழே பெயர் போட்டுவிடுங்கள். பார்க்கிறவர்களுக்கு யார் என்று தெரிய வேண்டாமா?"

போட்டுக் கொடுத்தேன். பென்டிரைவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கிய பிறகு மற்ற டைம்லைனைத் திறந்து, கையுறைகள் உறைந்து நிற்கும் கடைசி ஃபிரேமுக்குப் போனேன். தாரியோ அர்ஜெந்தோ என்று அடித்தேன். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், ஃப்ராங்கோ ஃப்ராத்திசெல்லி.